ஏழு விநாடித் தாமரை

மாநாட்டு அரங்கில் கழிப்பறையைக் கண்டுபிடிக்க நவநீதனுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று.

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் ஒரு நட்சத்திர ஓட்டலின் இரண்டாம் தளம். மேற்கு மண்டலப் பயனர் அனுபவ மாநாடு. செல்போன் திரைகளை மனிதர்களுக்கு எளிதாக்கித் தருவதையே பிழைப்பாகக் கொண்ட நானூற்று முப்பது பேர் அங்கே கூடியிருந்தார்கள். கழிப்பறைக்கு இரண்டு கதவுகள். ஒன்றில் ஒரு வட்டம். மற்றதில் அதே வட்டம், கீழே சின்ன இடைவெளியோடு. ஆண்கள், பெண்கள் என்று எழுதுவது நாகரிகம் முதிராத காலத்துப் பழக்கம் என்பதால் எழுதியிருக்கவில்லை. ரயில் நிலையங்களுக்கு வழிகாட்டிப் பலகை வடிவமைத்து விருது வாங்கிய ஒரு பெரியவர் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சுத்தம் செய்யும் அம்மா துடைப்பத்தால் ஒரு கதவைக் காட்டி, "ஆம்பளைங்க இதுங்க சார்" என்றார். அந்த அரங்கில் அன்று முழுக்க வேலை செய்த ஒரே பயனர் அனுபவம் அந்தத் துடைப்பம்தான்.

நவநீதனுக்கு மதியம் பன்னிரண்டே காலுக்குப் பேச்சு. தலைப்பு, 'பயனரைக் காதலித்தேன்: 98 சதவீத மகிழ்ச்சியின் கதை'. அவன் வைத்த தலைப்பு இல்லை. அவன் வேலை பார்க்கும் நுனிவிரல் ஸ்டூடியோவின் தலைவி சம்யுக்தா வைத்தது. அவன் முதலில் 'உயிர்வரிசைச் செயலி: சில குறிப்புகள்' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தான். "நவ், இது தலைப்பா, இல்ல ரேஷன் கடை போர்டா?" என்று கேட்டுவிட்டு அவளே மாற்றிவிட்டாள்.

காபி இடைவேளையில் ஜெரால்டு வந்து தோளில் தட்டினான். நாகர்கோவில்காரன். அதே நிறுவனத்தில் நிழல்களைப் பராமரிக்கும் பொறியாளன்.

"என்னடே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இன்னைக்குக் காதல் கதை சொல்லப் போறவன் மாதிரியா இருக்க? கடன்காரன் தேடுற மாதிரில்லா நிக்க."

"தொண்ணூத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்டா என்னடா சொல்றது?"

"கேக்க மாட்டாங்க. இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தொண்ணூத்தெட்டு எப்படி வரும்னு தெரியும்." ஜெரால்டு சமோசாவைக் கடித்தான். "திரையத் திருத்தணும்னா மூணு நாளாகும். பயனரத் திருத்தணும்னா மூணு நிமிஷம். கெடு வெள்ளிக்கிழமை. நீ எதத் திருத்துவ?"

"நான் திருத்தினது முந்நூத்திப் பன்னெண்டு தடவடா."

"பதிவேட்ட நாந்தான வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீ கொஞ்சம் நல்லவன், அதான் எண்ணி வச்சிருக்க."

சங்கதி இதுதான். முன்னெல்லாம் ஒரு திரையை வடிவமைத்தால் நாலு நிஜ மனிதர்களைக் கூட்டிவந்து, காபி கொடுத்து, "இதை அழுத்திப் பாருங்க" என்று கேட்பார்கள். மனிதர்கள் தாமதமாக வருவார்கள். காபியைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் புரியலை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு நிழல்கள் வந்தன. ஒரே ஒரு மனிதரை ஒன்பது நாள் உட்காரவைத்து, கையில் ஒரு கையுறை, கண்ணில் ஒரு கண்ணாடி, சட்டைக் காலரில் ஒரு மைக் மாட்டிவிட்டால் போதும். எதைப் பார்த்துத் தயங்குகிறார், எங்கே விரல் நடுங்குகிறது, எதற்கு எரிச்சல்படுகிறார், எப்படிப் பேசுகிறார் எல்லாவற்றையும் இயந்திரம் படித்துக்கொள்ளும். அப்புறம் அந்த மனிதர் வீட்டுக்குப் போகலாம். அவருடைய நிழல் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஆயிரம் முறை திரையை அழுத்திப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும். காபி கேட்காது.

ஒரே ஒரு குறை, நிழலும் மனிதரைப் போலவே, "ஒண்ணும் புரியலை" என்று சொன்னது. அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. 'மறுபயிற்சி' என்று பெயர். நிழல் திணறினால் பொத்தானை அழுத்தி, ஏன் என்று ஒரு வரி எழுதி, பொறுமையை இரண்டு புள்ளி ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். சும்மா திணறலின் காரணத்தைப் புரிந்துகொள்ளத்தான் அதை வைத்தார்கள். கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. கையேட்டை யார் படித்தார்கள்?

சம்யுக்தா வேகமாக வந்தாள். கழுத்தில் 'உணர்ந்து வடிவமை' என்று எழுதிய அடையாள அட்டை. "நவ், உனக்கு ஒரு சர்ப்ரைஸ். பேச்சோட கடைசியில மேடைக்கு ஒருத்தர் வர்றாங்க. நிஜப் பயனர்! நம்ம நிழலோட ஒரிஜினல். ஆடியன்ஸ் நிஜப் பயனரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு, யோசிச்சுப் பாரு. பொன்னாடை, கேடயம் எல்லாம் ரெடி."

"சாந்தாமணி அக்காவா?"

"பேர் ஏதோ மணி. க்ரீன் ரூம்ல இருக்காங்க. போய்க் கொஞ்சம் வார்ம் அப் பண்ணு."

ஜெரால்டு சமோசாவை மெல்வதை நிறுத்தினான்.

சாந்தாமணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, விட்டுப்போன தையல், நூல் பிசிறு, எண்ணெய்க் கறை பார்த்து ஒதுக்குவது வேலை. வயது நாற்பத்தாறு. கணவர் பொன்னுச்சாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்காக ஒன்பது மருத்துவமனைகள் சேர்ந்து நடத்துவதுதான் உயிர்வரிசை. அதற்கு ஒரு செயலி வேண்டும் என்றபோது, காத்திருப்பவர்களின் குடும்பத்திலிருந்தே ஒருவரை நிழலுக்குத் தேடினார்கள். சாந்தாமணி ஒப்புக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்பது நாள் கையுறை மாட்டி உட்கார்ந்தார்.

க்ரீன் ரூமில் மெத்தை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் அவனைக் கண்டதும் எழுந்தார்.

"ஏனுங் தம்பி, என்னைய அடையாளம் தெரியுதுங்களா? நாந்தானுங்க, கையுறை போட்டவ."

"தெரியும்ங்க அக்கா. உக்காருங்க. மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க." உட்கார்ந்தார். "நான் பொன்னாடைக்கு வரலீங்க தம்பி. அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். உங்கள ஒரு வார்த்த கேக்கோணும்னுதான் வந்தேன். அந்தச் செயலில ஒரு போன் நம்பர் போட முடியுங்களா?"

"போன் நம்பரா?"

"ஆமாங். கூப்புட்டா மனுசங்க எடுக்கற மாதிரி. ஆராச்சும் ஒருத்தரு."

அவனுக்கு உடனே ஒரு பதில் வாயில் வந்தது. போன் நம்பரே இல்லாத செயலி என்பதுதான் உயிர்வரிசையின் சிறப்பே. அழைப்பு மையத்தில் இருந்த இருபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பித்தான் அந்தத் திட்டத்துக்கே பணம் வந்தது. அவனுடைய பேச்சில் ஏழாவது படமே 'அழைப்புகள்: பூஜ்யம்' என்பதுதான். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "ஏனுங்க அக்கா, என்ன ஆச்சு?" என்றான்.

"உங்களுக்குச் சொல்லலீங்களா? சித்திரையில கிட்னிக்குக் கூப்பாடு வந்துச்சுங்களே."

அவனுக்கு யாரும் சொல்லவில்லை. செயலி வெளியான பிறகு என்ன நடக்கிறது என்பதை வேறு பிரிவு பார்க்கும். அது புள்ளிவிவரமாக மாறி, மூன்று மாதம் கழித்து ஒரு வட்டப் படமாக அவனிடம் வரும்.

சாந்தாமணி சொன்னார். புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். செக்கிங் மேசையில் போன் வைக்கக்கூடாது. அவருக்கு மட்டும் அனுமதி. போன் மணியடித்தது. திரையில், 'உங்களுக்காக ஒரு நல்ல செய்தி காத்திருக்கிறது' என்று வந்தது. தொட்டார். சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, இருபது நிமிடத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அடுத்த திரையில் ஒரு தாமரை மொட்டு.

அந்தத் தாமரை நவநீதன் போட்டது. ஆமாம், இல்லை என்று இரண்டு பொத்தான் வைத்தால் அவசரத்தில் தப்பாக அழுத்திவிடுவார்கள், அதோடு பொத்தான் என்பதே பார்க்க முரட்டுத்தனம் என்று பேசி முடிவெடுத்தார்கள். மொட்டின் மேல் விரலை அசையாமல் ஏழு விநாடி வைத்திருந்தால் இதழ் இதழாக விரியும். முழுக்க விரிந்தால் சம்மதம். விரல் நடுங்கினால் மொட்டு மூடிக்கொண்டு, 'பரவாயில்லை, ஆழ்ந்து மூச்சு விடுங்கள்!' என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கும். தில்லியில் ஒரு பரிசு வாங்கிய தாமரை.

"கை நிக்கலீங்க தம்பி. நிக்கவே இல்ல. மூணு வருசமாக் காத்திருக்கறது வந்துருக்குது, கை எப்புடிங்க நிக்கும்? ரெண்டு இதழு விரியும், மூடிக்கும். மூச்சு வுடுங்கறான். வுட்டேன். மறுக்கா மூடிக்கும். சூப்பரவைசரம்மா என்ற கையைப் புடிச்சுப் பார்த்தாங்க. அவங்களே வெரல வெச்சாங்க. மூஞ்சியப் பார்த்துட்டு, 'இது நீங்கள் இல்லையே!'ன்னு வருது. நான் மூஞ்சியக் காட்டி அவங்க வெரல வெச்சா, வெரலு வேறங்குது. போன் பண்ணிச் சொல்லலாம்னா நம்பரே இல்லீங்க. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரம். இருவது நிமிசம் ஆயிப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பூவாக் கொட்டுச்சுங்க திரையில. 'உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி, இந்த வாய்ப்பை இன்னொருவருக்கு அளித்துவிட்டீர்கள்'னு வந்துச்சு. எல்லாரும் பார்த்துட்டு, நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டனோன்னு நெனச்சாங்க. அவரே கேட்டாருங்க, 'ஏம்புள்ள, வேண்டாம்னுட்டியா?'ன்னு."

பூ கொட்டும் யோசனையும் அவனுடையதுதான். பயனருக்கு ஒருபோதும் தோல்விச் செய்தி காட்டக்கூடாது என்று நிறுவனத்தில் ஒரு கொள்கை.

"கோபிப் பக்கம் ஒருத்தருக்குப் போச்சுன்னாங்க. போகட்டும், நல்லா இருக்கட்டும். இப்ப இவரு மறுக்கா வரிசையில ரெண்டாவது ஆளு. அடுத்த மாசமோ, நாளைக்கோ வரும். அப்பவும் என்ற கை நிக்காதுங்க தம்பி. எனக்குத் தெரியும். இன்னொரு தடவ தவறுனா அவரு தாங்க மாட்டாரு, டாக்டரே சொல்லிட்டாரு. ஒரே ஒரு நம்பருங்க." அவன் முகத்தைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதானுங்க வெளங்கல. ஒம்பது நாளு என்ற கையப் பார்த்தீங்களே. அப்பவும்தான் நடுங்குச்சு. அது உங்களுக்குத் தெரியலீங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒருங்கிணைப்பாளர் கதவைத் திறந்து, "ஸ்பீக்கர் சார், நீங்க!" என்றார்.

நவநீதன் பதினைந்து நிமிடம் பேசினான். பயனரைக் காதலிப்பது பற்றி, உராய்வற்ற பயணம் பற்றி. அழைப்புகள் பூஜ்யம் என்ற படம் வந்தபோது முன்வரிசையில் சிலர் போட்டோ எடுத்தார்கள். நிழலைப் பெரிய திரையில் ஓட்டிக் காட்டினான். சாம்பல் நிறத்தில் ஒரு கை வந்து மொட்டைத் தொட்டது. இம்மியும் அசையவில்லை. தாமரை விரிந்தது. 'மகிழ்ச்சி: 98' என்று வந்தது. கைதட்டல்.

சம்யுக்தா மைக்கோடு மேடையேறினாள். "இப்போ, இந்தக் கைக்குச் சொந்தக்காரங்க! நிஜப் பயனர்!"

சாந்தாமணி மேடைக்கு வந்தார். கூட்டம் எழுந்து நின்று, உயிரியல் பூங்காவில் அபூர்வமாகக் கண்ணில் படும் ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல் கைதட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். கையில் ஒரு போனைக் கொடுத்து, "லைவா ஒரு தடவை பண்ணிக் காட்டுங்கம்மா" என்றாள் சம்யுக்தா.

தாமரை மூடிக்கொள்ளட்டும் என்று நவநீதன் வேண்டிக்கொண்டான். நானூறு பேர் முன்னால் ஒரே ஒரு முறை மூடிக்கொண்டால் போதும், அவன் வாயைத் திறக்கத் தேவையில்லை.

சாந்தாமணி விரலை வைத்தார். இருபது வருடம் துணியில் பிசிறு தேடிய விரல். அது பாட்டுக்கு நின்றது. ஏழு விநாடி. தாமரை முழுக்க விரிந்தது.

அரங்கமே ஆர்ப்பரித்தது. சம்யுக்தா மைக்கை அவர் வாயருகே நீட்டினாள். "எப்படி இருந்துச்சும்மா? ஈஸியா?"

"இன்னைக்கு ஆரும் சாகக் கெடக்கலீங்களே" என்றார் சாந்தாமணி. "அதனால கை நிக்குதுங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. சிலர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பக்கத்திலிருப்பவர் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"சித்திரையில நிஜமாலுமே வந்தப்ப நிக்கலீங்க. இருவது நிமிசம் அழுத்துனேன். எங்க வூட்டுக்காரருக்கு வந்தது போச்சு. ஒரு போன் நம்பர் போடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணுமில்லீங்க." மைக்கைச் சம்யுக்தாவிடமே தள்ளிவிட்டு, பொன்னாடையை மடிக்க ஆரம்பித்தார்.

நவநீதன் அதுவரை வாழ்க்கையில் துணிச்சலாக எதுவும் செய்ததில்லை. பள்ளியில் கரும்பலகை தெரியாதபோதும், தெரிகிறது என்று சொல்லி இரண்டு வருடம் கண்ணாடி இல்லாமல் கழித்தவன். ஆனால் அவர் பொன்னாடையை மடிப்பதைப் பார்த்தபோது, கணினியில் அடுத்த படத்துக்குப் போகாமல், ஜெரால்டின் பதிவேட்டைத் திறந்தான். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்புலம். பெரிய திரையில் வரிசையாக வந்தது.

'நிழல், "இது ஆரு வெச்ச வேலை?" என்கிறது. விரல் நடுங்குகிறது. மறுபயிற்சி. பொறுமை கூட்டப்பட்டது.'

'நிழல் அழுகிறது. மறுபயிற்சி. பதற்றம் குறைக்கப்பட்டது.'

'நிழல், "ஆரையாச்சும் கூப்புடுங்க" என்கிறது. மறுபயிற்சி. எதிர்பார்ப்பு குறைக்கப்பட்டது.'

"இந்த மாதிரி முந்நூத்திப் பன்னெண்டு" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதுபோல் இருந்தது. "எல்லாம் நான் எழுதினது. அந்தத் தாமரை தப்புன்னு இந்த அக்காவோட நிழல் முந்நூத்திப் பன்னெண்டு தடவ சொல்லுச்சு. நான் தாமரையைத் தொடல. நிழலை மாத்தினேன். நடுங்காத ஒருத்தியை நாங்களே செஞ்சு, அவ கை நடுங்கலைன்னு தொண்ணூத்தெட்டு மார்க் போட்டுக்கிட்டோம். இதான் என் பேச்சு. நம்பர் போடுறது ஒரு நாள் வேலை."

அவனை அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தான். உள்ளூர அதை விரும்பினான் என்றுகூடச் சொல்லலாம்.

நானூற்று முப்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாவ்" என்றார் ஒருவர். கேள்வி நேரம் தொடங்கியதும் முதல் கை உயர்ந்தது.

"பிரதர், ரொம்ப ரொம்ப நேர்மை. அந்த லாக் ஸ்லைடு சூப்பர் ராவா இருந்துச்சு. என்ன ஃபான்ட்?"

"அது ஸ்லைடு இல்லைங்க. பதிவேடு."

"எக்ஸாக்ட்லி" என்று அவர் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்வி கேட்டவர், தோல்வியைப் பகிரும்போது பேச்சாளர் உடலில் என்னென்ன உணர்ந்தார் என்று அறிய விரும்பினார். மூன்றாமவர் கேள்வி கேட்கவில்லை. தம் நிறுவனத்தில் இப்படி எழுநூறு மறுபயிற்சி நடந்திருப்பதாகவும், இதைப் பற்றி அடுத்த வருடம் தாமும் பேச விரும்புவதாகவும் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். சாந்தாமணி மேடையின் ஓரத்தில், மடித்த பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது நம்பரைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஒவ்வொரு கேள்விக்கும் முகத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் 'நேர்மையான தோல்வி' என்ற பிரிவில் நவநீதனுக்கு விருது கொடுத்தார்கள். அப்படி ஒரு பிரிவு அன்று மதியம்வரை இருக்கவில்லை.

சம்யுக்தா அவனைத் திட்டவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நவ், ஐ ஆம் சோ ப்ரவுட். ரெண்டு புது கிளையன்ட் வந்து பேசிட்டாங்க. 'உங்களைத்தான் நம்ப முடியும்'ங்கறாங்க." சாந்தாமணியின் கையைப் பிடித்து, போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, நான் வாக்குக் கொடுக்கறேன். மூணு வாரம். நம்பர் வரும். எப்போ கூப்பிட்டாலும், முதல் மணியிலயே எடுப்பாங்க. உங்க தமிழ்லயே பேசுவாங்க."

"ரொம்பப் புண்ணியமாப் போகுதுங்க" என்றார் சாந்தாமணி.

மூன்று வாரம் கழித்து நம்பர் வந்தது. சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தது. நுனிவிரல் ஸ்டூடியோவில் அதைக் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். நவநீதன் அந்த வேலையில் இல்லை. விருது வாங்கிய பிறகு அவனை மூன்று ஊர்களில் அதே பேச்சைப் பேச அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ஊரில் குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அது தெரிந்த அன்று இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

கம்பெனி வாசலுக்கு எதிரே பேக்கரி. சாப்பாட்டு இடைவேளை. சாந்தாமணி இரண்டு டீ சொல்லி, காசை அவன் கொடுக்க விடவில்லை.

"நம்பர் வேலை செய்யுதுங்களா அக்கா?"

"செய்யுதுங்க தம்பி. நாலு தடவ கூப்புட்டுப் பார்த்துட்டேன். செக் பண்ணோணும்ல. மொத மணியிலயே எடுத்துப்போடுது ஒரு புள்ள. நீங்களும் கேளுங்களேன்." போனை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, டீ கிளாஸில் சாய்த்து வைத்தார்.

"வணக்கமுங்க அக்கா" என்றது குரல். "சொல்லுங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கேனுங்க."

நவநீதன் கிளாஸைக் கீழே வைத்தான். இரண்டு வருடம் காதில் இயர்போன் மாட்டி அவன் கேட்ட நிழலின் குரல். 'ஆ'வை லேசாக இழுக்கும், வாக்கிய முடிவில் சற்றே இறங்கும் குரல். எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரல். தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழக்கமில்லாத யாரையும்போல, சாந்தாமணி யாரோ ஒரு பெண் பேசுவதைக் கேட்கும் முகத்தோடு குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங், இப்ப எங்களுக்குக் கூப்பாடு வருது, கை நடுங்குதுன்னு வெச்சுக்கோங்க. நீங்களே சம்மதம்னு எழுதிக்குவீங்களா?"

"உங்க கவலை எனக்கு நல்லாப் புரியுதுங்க அக்கா. தாமரையை மறுக்கா ஒருக்காத் தொட்டுப் பாருங்க."

"அதான் முடியலைங்கறனே. டாக்டரக் குடுங்க."

"புரியுதுங்க அக்கா. ஆழ்ந்து மூச்சு வுடுங்க. நான் கூடவே இருக்கேனுங்க."

"இருவது நிமிசத்துல போயிருமே?"

"பரவாயில்லீங்க அக்கா."

"என்ன பரவாயில்ல? ஆளு செத்துப்போவாரு!"

"சரிங்க அக்கா" என்றது குரல், கொஞ்சமும் பதறாமல். "உங்க மனசுல இருக்கறதை எல்லாம் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேனுங்க."

சாந்தாமணி இணைப்பை அணைத்தார். சட்டையில் கண்டுபிடித்த ஓட்டையை மேசையில் விரித்துக் காட்டும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம்.

"நாலு தடவையும் இதேதானுங்க. நானும் திட்டிக்கூடப் பார்த்தேன். கோவமே வரமாட்டீங்குது. சம்பளத்துக்கு இருக்கற புள்ளைன்னா ஒரு தடவையாச்சும் மூக்கு வெடைக்கும்ல?" டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இது ஒதவாதுங்க தம்பி. நான் முடிவு பண்ணிட்டேன். திங்கக்கெழமையிலிருந்து வேலைக்கு வரல. தூக்குப்போசில சோத்தக் கட்டிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுலயே போயி உக்காந்துக்கறேன், கெடைக்கற வரைக்கும். கூப்பாடு வந்தா, வாயத் தொறந்து 'இருக்கோம்'னு சொல்லிப்போடலாம். அங்க மனுசங்க இருக்கறாங்க."

"எத்தன நாளுங்க அக்கா? மாசக் கணக்குல ஆகலாம்."

"ஆகட்டும்."

கம்பெனியில் சங்கு ஊதியது. எழுந்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் மறுபடி உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆனா அந்தப் புள்ளைய நெனச்சாத்தான் எனக்கு மனசே ஆறலீங்க தம்பி. எங்க கம்பெனில முன்ன ஒரு சூப்பரவைசர் இருந்தான். அவன்கிட்ட மாட்டுன புள்ளைக இப்புடித்தான் பேசும். என்ன சொன்னாலும் சரிங்க, பரவாயில்லீங்க. இவள ஆரோ நல்லா மெரட்டி மெரட்டி வெச்சிருக்கறாங்க. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. உங்க கம்பெனிதானுங்களே? ஆருன்னு விசாரிச்சு, நறுக்குன்னு ரெண்டு வார்த்த கேளுங்க."

"சரிங்க அக்கா" என்றான் நவநீதன்.